புது மருமகளுக்குப் பெயர் செய்த டிசம்பர்

டிசம்பர் 3, ஞாயிறு

காலையிலேயே சேதி. கொழுந்தன் லுவாண்டிலே, வடக்கே தான் வேலை பார்க்கும் ருஸ்டன்பர்க் சுரங்கத்திலிருந்து மாமியாருக்குக் குரல்செய்தி அனுப்பியிருக்கிறான்: "அம்மா, பதினாறாம் தேதி பொண்ணக் கூட்டிட்டு வர்றாங்க. ஆடு பாத்து வை."

மாமியார் முற்றத்தில் நின்று குலவையிட்டார். எதிர்மலையில் மேய்ந்த மாடுகள் தலைதூக்கிப் பார்த்தன.

குலவையிட்ட இதே வாய்தான் மூன்று வருடம் முன்பு, அவனுடைய முதல் மனைவி நோசாகேலே கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள் என்று எங்கள் ஊர் ட்சோமோ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது. எந்தக் கட்டில்? அந்த அறையில் கட்டிலே கிடையாது. தரையில் ஒரு மெத்தை. தரையில் கிடந்த மெத்தையிலிருந்து விழுந்து தாடையை இரண்டு இடத்தில் உடைத்துக்கொண்ட முதல் பெண் என் ஓரகத்திதான். நான் வரவேற்பு மேசையில் உட்காரும் பல் மருத்துவரிடம்தான் வந்தாள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள் நான். பிறகு அவளை கடலோர நகரமான ஈஸ்ட் லண்டனுக்குப் போகும் பேருந்தில் ஏற்றிவிட்டது யார் என்று இன்றுவரை வீட்டில் விசாரணை நடக்கிறது. விசாரணைக் குழுவுக்கு டீ போட்டுக் கொடுப்பதும் நான்தான்.

இப்போது அவனுக்கு இரண்டாவது. தூ.


டிசம்பர் 5

பெண் பெயர் லெலெத்து. ம்தாத்தா நகரில் செல்போன் கடையில் வேலையாம். இருபத்தாறு வயது. இவனுக்கு நாற்பத்தொன்று. புகைப்படத்தில் சிரிக்கிறாள், பற்கள் வரிசையாக, முழுசாக. தொழில் புத்தி, முதலில் அதைத்தான் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.


டிசம்பர் 8, வெள்ளி

பெயர் செய்யும் கூட்டம். எங்கள் பக்கம் மருமகள் வாசல் மிதித்ததும் அப்பன் வைத்த பெயரைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும், செருப்பு மாதிரி. அதற்குப் பதில் முன்னால் ஒரு 'நோ', பின்னால் வீட்டுக்காரர்களுக்கு என்ன வேண்டுமோ அது. வீடு கட்டித்தரவேண்டுமா, நோசாகேலே. வம்பு பேசுகிறாளா, நோஸிந்தாபா, அதாவது செய்திகளின் தாய். அடியேன்தான். வந்து மூன்றாம் நாளே என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குமட்டும் இந்த வீட்டாரைப் பாராட்டுவேன்.

கூட்டத்தில் மாமியார் மாகட்யெனி, அவர் நாத்தனார் பெரியத்தை (வயது எண்பது), என் நாத்தனார் தோபெகா, நான், விடுமுறைக்கு வந்திருக்கும் என் மகள் உனாகோ.

"நோடேட்டான்னு வைங்க" என்றாள் உனாகோ. "போன் கடைப் பொண்ணுதானே. டேட்டாவாவது கிடைக்கும் வீட்டுக்கு."

பெரியத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டார். "ஐயே, வெள்ளக்காரன் எச்சில எடுத்துப் பேரு வெக்குதுங்க! இந்தக் காலத்துப் புள்ளைங்க வாயில நம்ம பாஷையே நாறுது."

பெரியத்தையின் பெயர் நோஃபர்ஸ்ட். மிஷனரிகள் காலத்து மருமகள். வாழ்க்கைப்பட்ட வீட்டில் முதல் ஆண்பிள்ளையின் மனைவி என்பதால் அப்படி வைத்தார்கள். சும்மா இருக்க முடிகிறதா எனக்கு?

"பெரியத்தை, உங்க பேர்ல இருக்கிற ஃபர்ஸ்ட்டு?"

"அது இங்கிலீசு இல்லடி. அது பேரு."

உனாகோ தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்புதான், ஆனால் உள்ளே கசப்பு. அவர்கள் செய்தால் வழக்கம், பிள்ளைகள் செய்தால் நாற்றம்.

நான் மட்டும் யோக்கியமா? மறைந்த மாமனாரின் பெயரில் உள்ள ஓர் அசை எங்கள் மொழியில் சாப்பாடு என்ற சொல்லிலும் இருக்கிறது, தட்டு என்ற சொல்லிலும் இருக்கிறது. மருமகள் வாயில் அது வரக்கூடாது. எனவே சாப்பாட்டுக்கு 'பல்வேலை' என்று ஒரு சொல்லைச் செய்து இருபத்தேழு வருடமாக ஓட்டுகிறேன். உனாகோ பள்ளியில் சேர்ந்த வருடம், 'பல்வேலை முடிந்ததா?' என்று டீச்சரிடம் கேட்டுவிட்டு வந்தாள். டீச்சர் எங்கள் மருத்துவரிடம் வந்து, பிள்ளைக்குப் பல்லில் என்ன என்று என்னைத் தனியே விசாரித்தார். அந்த அசையை இங்கே எழுதலாம், மாமனார் எழுந்துவந்து படிக்கப் போவதில்லை. ஆனாலும் பேனா வளைந்து போகிறது.


டிசம்பர் 9

பெயர் முடிவாகிவிட்டது. மாமியார் செய்தது. நோன்யாமெஸெலோ. தாங்கிக்கொள்பவள்.

நேற்று பூராவும் இதைத்தான் வாய்க்குள் வைத்திருந்திருக்கிறார். இன்று காலை சோளக்கஞ்சி கிண்டிக்கொண்டே சொன்னார். தோபெகா உடனே, "அழகான பேரும்மா. பழைய பாணி" என்றாள்.

எதைத் தாங்க? யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். அதுதான் குமட்டுகிறது. தெரியாமல் வைத்திருந்தால் பெயர். தெரிந்து வைத்தால் அது என்ன? முதலாமவளிடம் கட்டித்தா என்றார்கள், கட்டினாள், இடித்தான். இரண்டாமவளுக்கு முன்கூட்டியே நெற்றியில் ஒட்டி அனுப்புகிறார்கள், உடையும் பொருள் என்று சந்தைப் பெட்டியில் ஒட்டுவது போல. வித்தியாசம், அந்தப் பெட்டியைத் தூக்குகிறவன் கொஞ்சம் கவனமாகத் தூக்குவான்.

என் பங்குக் கஞ்சியை நாய்க்கு வைத்தேன்.


டிசம்பர் 13

உனாகோ அப்பாவிடம் பேசிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பள்ளி மினிபஸ் ஓட்டுகிறவர். பிள்ளைகள் போடும் கூச்சலில் பேச்சையே மறந்துவிட்டவர்.

"என்னங்க, உங்க தம்பிக்கு இன்னொரு பொண்ணா?"

"ம்."

"அந்தப் பொண்ணுக்கு யார் சொல்றது?"

சக்கரத்து நட்டை முறுக்கினார். முறுக்கி முடித்து மறுபடி தளர்த்தினார். "என் வாயால சொன்னா அண்ணன் தம்பி சண்டை. உன் வாயால சொன்னா உன்னை வெளிய அனுப்பச் சொல்வாங்க."

"அப்ப?"

"ம்."

இந்த 'ம்'மோடு குடும்பம் நடத்துகிறேன். எனக்குப் பெயர் மாற்றி வைத்திருக்க வேண்டும்.


டிசம்பர் 16, சனி

வந்துவிட்டாள். கூடவே அவளுடைய சித்திகள் இருவர். முழங்கால் மறையும் பாவாடை, தோளில் கம்பளி, புருவம் வரை இறக்கிக் கட்டிய தலைத்துணி. கதவுக்குப் பின்னால் பாயில் உட்காரவைத்தோம். தலை குனிந்துதான் இருக்கவேண்டும். இருந்தாள். ஆனால் கட்டைவிரல் கம்பளிக்குள் அசைந்துகொண்டே இருந்தது. போன்.

லுவாண்டிலே நல்லவன் வேஷத்தில் நடமாடுகிறான். சட்டைக் காலர் இஸ்திரி. "எப்படி இருக்கீங்க அண்ணி, பல்லெல்லாம் சுகமா?" என்றான். அவன் வாயிலிருந்து பல் என்ற சொல் வந்ததும் பீர் பானையை அவன் தலையில் கவிழ்க்கத் தோன்றியது. மூன்று நாள் புளிக்கவைத்த பீர். வீணாக்க மனம் வரவில்லை.

சாயங்காலம் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, மருமகளுக்குரிய மரியாதைப் பேச்சில் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். என் வயசுக்காரிகளுக்கும் அதற்கு மேலுள்ளவர்களுக்கும் இந்த ஜாடை தண்ணீர்பட்ட பாடு.

"கண்ணு, இந்த வீட்டுக் கூரை சில ராத்திரி ஒழுகும். போன மழைக்கு ஒருத்தி நனைஞ்சே போயிட்டா."

பெண் குனிந்த தலையோடு அக்கறையாகச் சொன்னாள்: "கவலைப்படாதீங்க அக்கா. எங்க மாமாவுக்குக் கூரைக்கு வாட்டர்ப்ரூஃப் அடிக்கிற வேலைதான். சல்லிசா அடிச்சுத் தருவாரு."

மாமியாருக்கு என் கூரையும் புரிந்தது, மழையும் புரிந்தது. என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.


டிசம்பர் 17

இரண்டாவது முயற்சி. 'மாட்டுப்பட்டிக் காளை முட்டும்' என்றேன். "எனக்கு மாடுன்னா பயமில்லக்கா" என்கிறாள்.

உனாகோ என்னை அடுப்பறைக்கு இழுத்துப் போனாள். "அம்மா, நீ என்ன வானிலை அறிக்கை வாசிக்கிறியா? அவளுக்கு ஒரு மண்ணும் புரியல. நேரா சொல்லு."

"நேரா சொல்ல வார்த்தை வேணுமேடி."

சொன்ன பிறகுதான் யோசித்தேன். உண்மையிலேயே இல்லை. கிழவிகள் இதற்கு எத்தனை சொல் செய்து வைத்திருக்கிறார்கள்! 'திருத்தப்பட்டாள்.' 'எழுப்பப்பட்டாள்.' 'தூசி தட்டப்பட்டாள்.' எல்லாவற்றிலும் அவள்தான் இருக்கிறாள், அவன் இல்லை. வினையின் வாலைத் திருகித் திருகி, செய்தவனை வாக்கியத்துக்கு வெளியே, பீர் குடிக்க அனுப்பிவிடுகிறார்கள். என் வயசுக்காரிகள்? நாங்கள் படித்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். ஆங்கில மருத்துவச் சொல்லுக்கு முன்னால் ஓர் 'இ' போட்டு, 'அவருக்கு இஸ்ட்ரெஸ்' என்போம். அடித்தவன் நோயாளி ஆகிவிடுகிறான். உடைந்த தாடைக்காரி அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. நானே சொல்லியிருக்கிறேன், வரவேற்பு மேசையில், வாய் வீங்கி வந்தவளிடம், ஆறுதலாக. சீ.

"உங்க கூட்டத்துல என்னடி சொல்வீங்க?"

"அப்யூஸிஷா. லுவாண்டிலே சித்தப்பா அவளை அப்யூஸிஷா பண்ணாரு. அவ்ளோதான்."

அப்யூஸ் மாதிரி ஆங்கிலச் சொல்லைப் பிடித்து இழுத்துவந்து பின்னால் ஓர் 'இஷா' ஒட்டுவது. இத்தனை வருடமாக இந்த இஷாவைக் கேட்டால் எனக்குப் பல் கூசும். பிள்ளைகள் போனைச் சார்ஜிஷா, சோற்றைக் குக்கிஷா என்று பேசும்போதெல்லாம் திட்டியிருக்கிறேன். அசிங்கமான சொல். இப்போதும் அசிங்கம்தான். ஆனால் அதில் இரண்டு பேரும் இருக்கிறார்கள்.


டிசம்பர் 18

மாமியார் குளிக்கப் போன நேரம். லெலெத்துவை விறகு எடுக்க என்று கூட்டிக்கொண்டு மாட்டுப்பட்டிக்குப் பின்னால் போனேன். உனாகோவும் வந்தாள். விறகு எடுக்கவில்லை.

சொன்னேன். அந்த இஷாவை என் ஐம்பத்துமூன்று வயது வாயால் சொன்னேன். நாக்கு முதல் தடவை தடுக்கியது, உனாகோ திருத்தினாள்.

லெலெத்து தலைத்துணியைப் புருவத்திலிருந்து மேலே தள்ளினாள். "யாரை?"

"முன்னாடி இருந்தவளை. நோசாகேலேவை."

"எங்கிட்ட அவ சோம்பேறி, ஓடிப்போயிட்டான்னு சொன்னான்." கொஞ்ச நேரம் ஆட்டுப் புழுக்கையைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள். "அவ நிஜப் பேரு என்ன?"

திகைத்தேன். ஒரே அடுப்பில் ஆறு வருடம் சமைத்திருக்கிறோம். யோசித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. "கான்யிசா."

"கான்யிசா" என்று சொல்லிக்கொண்டாள். பிறகு, "என் போனை ஒரு தடவை சுவத்துல எறிஞ்சான் அக்கா. அப்புறம் புதுசு வாங்கிக் குடுத்தான். எல்லாரும் லக்கின்னாங்க."

"நாளைக்குப் பேரு வெச்சுக் குடுக்கிற புளிச்ச பாலைக் குடிச்சிட்டேன்னா நீ இந்த வீட்டுக்காரி. அதுக்கு முன்னாடி விருந்தாளி. விருந்தாளி எப்ப வேணா எழுந்து போலாம்."

"எனக்கு என்ன பேரு வெச்சிருக்காங்க?"

முன்கூட்டிச் சொல்லக்கூடாது. சொன்னேன். என் பெயரே செய்திகளின் தாய், பிறகு என்ன.

இரண்டு சுள்ளி பொறுக்கிக்கொண்டு நடந்தாள். என்ன செய்வாளோ. ஆடு அறுத்தாகிவிட்டது. அவளுடைய சித்திகள் எங்கள் கிழவிகளோடு சேர்ந்து மூக்குப்பொடி போடுகிறார்கள். ஊரைக் கூட்டிய பிறகு எழுந்து போக எத்தனை பேருக்குக் கால் வரும்?


டிசம்பர் 19, செவ்வாய்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பெரிய வட்டக்குடிசை. வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள், நடுவில் பாயில் லெலெத்து. வாட்டிய ஆட்டிறைச்சித் துண்டு ஒன்று அவள் கையில். மாமியார் எனாமல் குவளையில் புளித்த பாலோடு நின்றார். பெரியத்தை எழுந்து, இன்றிலிருந்து இவள் பெயர் இன்னது என்று அறிவித்தார். குலவை. வழக்கப்படி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், பெண் குரல் கொடுக்க வேண்டும், பிறகு குவளையை வாங்கிக் குடிக்க வேண்டும்.

"நோன்யாமெஸெலோ!"

பதில் இல்லை. வெட்கம் என்று கிழவிகள் சிரித்தார்கள்.

"நோன்யாமெஸெலோ!"

தோபெகா, "போன்லயே கெடந்து காது அடைச்சுப்போச்சா?" என்றாள்.

மூன்றாவது தடவை மாமியாரே கூப்பிட்டு, குவளையை அவள் கையில் திணித்தார். லெலெத்து வாங்கிக்கொண்டாள். போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவள் குடிக்கவில்லை. தலையைத் தூக்கினாள். எங்கள் வீட்டில் எந்த மருமகளும் அந்தப் பாயில் உட்கார்ந்து தலையைத் தூக்கியதில்லை. மாமியார் முகத்தை நேராகப் பார்த்து, மரியாதை குறையாமல் கேட்டாள்:

"அம்மா, தாங்கிக்கிறவன்னு பேரு வெச்சிருக்கீங்க. எதைத் தாங்கணும்?"

மாமியார் பெரியத்தையைப் பார்த்தார். பெரியத்தைதான் சமாளித்தார்: "வாழ்க்கைன்னா எல்லாம் இருக்கும் கண்ணு. பொம்பளை சில நேரம் எழுப்பப்படுவா..."

"யார் எழுப்புவாங்க?"

பெரியத்தை தோபெகாவைப் பார்த்தார். தோபெகா, "அவனுக்குச் சுரங்க வேலை, இஸ்ட்ரெஸ்..." என்று தொடங்கினாள்.

லெலெத்து ஆண்கள் பக்கம் திரும்பினாள். "லுவாண்டிலே, நீ கான்யிசாவை அப்யூஸிஷா பண்ணியா?"

அந்தச் சொல் எண்பது வயதுக் காதுகளுக்குக்கூடப் புரிந்தது. எப்படிப் புரிந்ததோ. ரேடியோவில் கேட்டிருப்பார்கள், பேத்திகள் வாயில் கேட்டிருப்பார்கள். ஒருத்தியும் 'என்ன சொன்னா?' என்று கேட்கவில்லை.

அவன் எழுந்துவந்தான். "யார் சொன்னா உனக்கு? யாரு?" முதலில் என்னைத்தான் பார்த்தான், வீடே என்னைப் பார்த்தது. அவள், "ஆமாவா, இல்லையா?" என்றாள். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். அவன் சொல்லவில்லை. அவள் கையிலிருந்த குவளையைப் புறங்கையால் அடித்தான். பால் அவள் முகத்தில், கம்பளியில், பெரியத்தையின் மடியில். குவளை உருண்டு போய் மாமியார் காலில் முட்டி நின்றது. பங்காளிகள் முன்னால், அறுத்த ஆட்டின் முன்னால், அம்மா முன்னால்.

லெலெத்து முகத்தைத் தலைத்துணியால் துடைத்தாள். அவளுடைய சித்திகள் மூக்குப்பொடி டப்பாவை மூடிவிட்டு எழுந்தார்கள்.

அப்போது ஆண்கள் பக்கம் மூலையிலிருந்து ஒரு குரல். என் வீட்டுக்காரர். "வண்டிய எடுக்கிறேன். ம்தாத்தா வரைக்கும் நானே கொண்டு விடுறேன்."

இந்த வருடம் முழுவதற்கும் இருபது சொல் பேசியிருப்பார், அதில் ஏழு இன்றைக்கு.

நாய் உள்ளே வந்து பாலை நக்கியது. யாரும் விரட்டவில்லை.


டிசம்பர் 20

லுவாண்டிலே விடியற்காலையில் ருஸ்டன்பர்க் கிளம்பிவிட்டான். போகும்போது என் கோழிக்கூண்டை உதைத்துவிட்டுப் போயிருக்கிறான். வீரன்.

ஆட்டிறைச்சியை யாரும் தொடவில்லை. வெயிலில் வீச்சம் எடுக்கிறது. தோபெகா என் காதுபடச் சொல்கிறாள்: "வீட்டுக்குள்ளயே பாம்பு வளர்த்தோம்." பாம்புக்குப் பல் சுத்தமாக இருக்கும், எங்கள் மருத்துவரைக் கேளுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. முந்தாநாள் சொன்னதே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

மாமியார் என்னிடம் பேசவில்லை. திட்டவும் இல்லை. திட்டினால் தேவலை.


டிசம்பர் 25

தேவாலயத்தில் மூன்று பேர் வந்து, "நடந்தது நெசமா?" என்று கேட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நான் செத்துவிட்டதாக நினைத்திருப்பார்கள்.


டிசம்பர் 29

உனாகோ போனைக் காட்டினாள். லெலெத்து கடையில் மறுபடி வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கான்யிசாவைத் தேடிப் பிடித்துப் பேசினாளாம். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "அது உனக்கு வேண்டாம்மா, வானிலை அறிக்கையில வந்துடும்" என்கிறாள். திமிர்.


ஜனவரி 4

வீட்டில் இரண்டு அடுப்பு. மாமியார் தனியாக வைத்துக்கொள்கிறார். நான் பயறு கொண்டுபோய் வைத்தால் எடுத்துக்கொள்கிறார், பாத்திரத்தைக் கழுவித் திரும்ப வாசலில் வைக்கிறார். வெளியே அனுப்பவும் சொல்லவில்லை. 'ம்' கூட இல்லை. மகன் யாரிடமிருந்து கற்றார் என்று தெரிகிறது.


ஜனவரி 14, ஞாயிறு

மத்தியானம் தோபெகாவின் போன். மாமியார் பயறு உரித்துக்கொண்டிருந்ததால் உனாகோ ஸ்பீக்கரில் போட்டு அவர் மடியில் வைத்தாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை. கயிறு அங்கேதான் இருக்கிறது.

"அம்மா, கொஃபிம்வாபாவுல ஒரு பொண்ணு இருக்கு. நல்ல அடக்கம். போன் கீனெல்லாம் தெரியாது. லுவாண்டிலேவும் சரின்னுட்டான். ஈஸ்டருக்கு வெச்சுக்கலாமா?"

எனக்குக் கயிற்றில் கிளிப் மாட்டும் கை நின்றது. மறுபடியுமா? இந்தக் குடும்பத்துக்குக் குமட்டவே குமட்டாதா?

மாமியார் உரிப்பதை நிறுத்தவில்லை. "பேரு?"

"பேரு நீங்கதானேம்மா செய்வீங்க."

"எங்கிட்ட இல்ல."

"என்னது இல்ல?"

"பேரு. தீந்துபோச்சு."

"பேரு எங்கயாவது தீருமாம்மா?" தோபெகா சிரித்தாள்.

"தீரும்." ஒரு நெற்று, இன்னொரு நெற்று. "பொண்ணுங்களுக்கு வெச்சு வெச்சுத் தீந்துபோச்சு. வேணும்னா அவனுக்கு ஒண்ணு வெக்கச் சொல்லு. இங்க இருக்குதுங்களே சின்னதுங்க, அதுங்ககிட்ட கேளு. அதுங்களுக்குத்தான் அதுக்கு வார்த்தை இருக்கு."

மறுமுனையில் தோபெகா 'அம்மா, அம்மா' என்று கத்திக்கொண்டிருந்தாள். மாமியாருக்குப் போனை அணைக்கத் தெரியாது. உனாகோ எங்கோ போய்விட்டாள். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலை நிமிராமல், கயிற்றுப் பக்கமாகப் போனை நீட்டினார்.

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய்ப் போனை அணைத்தேன். பயறுக் கூடையைச் சற்று நகர்த்தினார், பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு.